ஜூலை 1-க்குள் ஆற வேண்டிய காயம்

வாசகர் கேள்வி - பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹாக்கி, அதிலும் காயம்பட்டுத் திரும்புகிறவர்களைப் பற்றி. அதனால் மற்ற விளையாட்டுக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா மகன் கனடாவின் மொன்றியலில் இருக்கிறான். பிரெஞ்சு தெரிந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தவன், இப்போது முழுநேர ஐஸ் ஹாக்கி ரசிகன். அவனால் நானும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து போனில் ஆட்டம் பார்க்கிறேன். மாதக்கணக்கில் காயம் என்று வெளியே இருந்த ஒருவர், பிளேஆஃப் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது திரும்பி வருகிறார். ஜூலையில் அவருக்கு ஒப்பந்தம் முடிகிறதாம். "இவர் கப்புக்கு வரல மாமா, காண்ட்ராக்டுக்கு வர்றார்" என்கிறான். உண்மையா?
- லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி

அவன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைக் குற்றமாகச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் தேதிகளைப் பாருங்கள். அவன் பார்க்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக், என்.எச்.எல்., அதில் 32 அணிகள். அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் நடுவாக்கில் முடிகிற 82 ஆட்டங்கள் (2025-26 சீசன் வரை இதுதான் கணக்கு), அப்புறம் 16 அணிகள் மட்டும் மோதுகிற பிளேஆஃப். அதில் நாலு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்க வேண்டும், ஆக ஸ்டான்லி கோப்பையைத் தூக்க 16 வெற்றி. ஜூனில் அது முடிந்த கையோடு ஜூலை 1 வந்துவிடும். அன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தவர்கள் எல்லாம் சந்தைக்கு வருகிறார்கள். 27 வயது ஆகியிருந்தாலோ ஏழு சீசன் ஆடியிருந்தாலோ பழைய அணியைக் கேட்காமலே பிடித்த அணிக்குப் போகலாம், ஃப்ரீ ஏஜென்ட் என்பது அதுதான். அப்படிப்பட்ட ஒருவர் ஏப்ரலில் திரும்பி வரும்போது கோப்பையும் அடுத்த பல வருஷச் சம்பளமும் இரண்டரை மாதத்துக்குள் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதில் எது அவரை இழுக்கிறது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் கதை இதற்கு அப்படியே பொருந்தும். டாம்பா பே அணியின் கேப்டன், 2016-ல் அவருக்கு 26 வயது, அந்த ஜூலை 1-ல் ஒப்பந்தம் முடிகிறது, கனடாவே அவர் எங்கே போவார் என்று பேசிக்கொண்டிருந்தது. சரியாக ஏப்ரல் தொடக்கத்தில் காறை எலும்புக்குப் பக்கத்தில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்து ஆபரேஷன் நடந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிற ஒருவர் உடம்போடு உடம்பு மோதும் ஆட்டத்தில் இறங்கினால், சாதாரண அடிகூட உள்ளே ரத்தக்கசிவாகிவிடும். முதல் இரண்டு சுற்றும் அவர் இல்லாமலே அணி ஜெயித்தது. மூன்றாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்துக்கு, மே 26 அன்று, அவர் திரும்பினார். பனியில் இருந்தது 12 நிமிடத்துக்குக் கிட்ட, கோல் இல்லை, அணி 2-1 என்று பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது. இப்போது இதைக் கவனியுங்கள்: ஜூலை 1-க்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 29 அன்று, அதே டாம்பாவோடு 8 வருஷத்துக்கு 6.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அந்த 12 நிமிடத்துக்காக யாரும் அத்தனை பணம் கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் எட்டு சீசன் ஆடியதற்குக் கொடுத்தார்கள்.

அடிபட்ட உடம்போடு நிஜமாகவே சந்தைக்குப் போனவர் பாட்ரிக் கேன். சிகாகோவின் செல்லப்பிள்ளை, வருஷத்துக்கு 1.05 கோடி டாலர் வாங்கியவர். 2023 ஜூனில் இடுப்பு மூட்டில் பெரிய ஆபரேஷன், ஜூலை 1-ல் கையில் ஒப்பந்தம் இல்லை. அவசரப்படாமல் ஐந்து மாதம் உடம்பைத் தேற்றிக்கொண்டு நவம்பர் கடைசியில் டெட்ராய்ட்டோடு ஒரே ஒரு வருஷத்துக்கு, 27.5 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார், 50 ஆட்டத்தில் 20 கோல் அடித்தார், அதன் பிறகும் அதே அணியில் தொடர்ந்தார். விலை இறங்கினாலும் பரவாயில்லை, மூட்டு ஆறட்டும் என்று காத்திருந்தார் பாருங்கள், அந்தப் பொறுமை ஒரு ஏழாவது ஆட்டத்தில் இறங்குவதைவிடக் கடினம் என்பது என் கருத்து.

அதனால் மொன்றியல் பிள்ளையிடம் சொல்லுங்கள், ஒப்பந்தத்துக்காக வருகிறவரைத் திட்ட வேண்டாம். அவரை இறக்க ஒப்புக்கொண்ட டாக்டர் யார், அந்த டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது யார், அதைக் கேட்கட்டும். அந்த லீகில் ஆட்டக்காரருக்கு அணி டாக்டரைத் தாண்டி வெளியே இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அது சும்மா வந்ததல்ல, ஆட்டக்காரர் சங்கம் உட்கார்ந்து பேசி வாங்கியது.

என்ன காயம் என்று சொல்லாமல் "மேல் உடம்பில் காயம்", "கீழ் உடம்பில் காயம்" என்று மட்டும் அறிவிக்கிறார்களே, ஏன்?
- நெல்லிக்குப்பம் வாசகி

எதிரணி அந்த இடத்தைப் பார்த்து அடிக்கும் என்ற பயம்தான். பிளேஆஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை மோத வேண்டியிருப்பதால் இந்த மறைப்பு இன்னும் அதிகம். 2013 இறுதிச்சுற்றில் பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜரான் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் முழு விவரமும் வெளியே வந்தது: உடைந்த விலா எலும்பு, கிழிந்த குருத்தெலும்பு, விலகிய தோள், துளை விழுந்த நுரையீரல். இதை வீரம் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. விலாவிலிருந்து நுரையீரல் எவ்வளவு தூரம்? அன்றைக்கு இன்னொரு மோதல் கொஞ்சம் பலமாக விழுந்திருந்தால் நாம் வேறு செய்தியைப் படித்திருப்போம்.

ஒருவரை வேண்டுமென்றே சீசன் முழுக்க உட்காரவைத்து, பிளேஆஃபுக்கு மட்டும் இறக்குவது ஏமாற்று வேலை இல்லையா?
- திருப்பாதிரிப்புலியூர் வாசகர், கடலூர்

நீங்கள் நினைப்பது டாம்பா பே ஆட்டக்காரர் நிகிடா குச்செரோவ் விஷயம் என்று புரிகிறது. 2020 டிசம்பரில் அவருக்கு இடுப்பில் ஆபரேஷன். கோவிட்டால் 56 ஆட்டமாகச் சுருங்கிய அந்த சீசனில் ஒன்றுகூட ஆடவில்லை. பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் வந்து இறங்கியவர் 23 ஆட்டத்தில் 32 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) எடுத்து எல்லோரையும் முந்தினார், டாம்பா கப் வாங்கியது. சம்பள உச்சவரம்பு என்று ஒன்று அந்த லீகில் உண்டு, அப்போது ஒரு அணிக்கு 8.15 கோடி டாலர். நீண்ட காயத்தில் இருப்பவரின் சம்பள அளவுக்கு வரம்பைத் தாண்டிக்கொள்ளலாம் என்று அப்போது இருந்தது, பிளேஆஃபில் அந்த வரம்பே அப்போது கிடையாது. இந்த இரண்டு விதியும் சேர்ந்ததால்தான் டாம்பாவால் வரம்பை சுமார் 1.8 கோடி டாலர் தாண்டிய ஒரு அணியை இறக்க முடிந்தது. ஆபரேஷன் உண்மை, விதியும் அப்படித்தான் இருந்தது, அதனால் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். 2025-26 சீசனிலிருந்து பிளேஆஃபிலும் அன்றைக்கு இறங்கும் 20 பேரின் சம்பளம் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம். ஆட்டக்காரருக்கும் நல்லது, உடம்பு தேறியும் கணக்குக்காக உட்கார வேண்டியதில்லை.

நம் ஹாக்கியில் இந்த ஃப்ரீ ஏஜென்ட் முறை இருக்கிறதா?
- நெய்வேலி வாசகர்

இல்லை. நம்மிடம் இருப்பது ஏலம். ஹாக்கி இந்தியா லீக் ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது, அதற்கு அக்டோபரில் நடந்த ஏலத்தில் ஆட்டக்காரர்கள் 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று அடிப்படை விலையில் பெயர் கொடுத்தார்கள். இந்திய அணியின் அப்போதைய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். எந்த அணிக்கு ஆட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஆட்டக்காரருக்கு இல்லை, கையை உயர்த்துகிற அணிக்குப் போக வேண்டியதுதான். அந்த லீகும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சம் பத்துப் பதினோரு மாதம் வீட்டில் அடுப்பெரிய நம் பிள்ளைகள் நம்பியிருப்பது ரயில்வே, ராணுவம், வங்கி, எண்ணெய் நிறுவனம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்கிற வேலையைத்தான். நம் ஊரின் ஜூலை 1 என்பது ட்ரையல்ஸ் நடக்கிற தேதி. அடுத்த கடிதத்தைப் படித்தால் இது புரியும்.

அண்ணா, எனக்கு 19 வயது. மஞ்சக்குப்பம் அண்ணா ஸ்டேடியத்தில்தான் பிராக்டிஸ். ஒரு மேட்சில் டேக்கிள் பண்ணும்போது இடது முட்டி திரும்பி, உள்ளே இருக்கிற ஏ.சி.எல். தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஐந்தரை மாதம் ஆகிறது. வலி சுத்தமாக இல்லை, தேவனாம்பட்டினம் பீச் மணலில் தினமும் ஓடுகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் ஒரு துறை அணிக்கு ட்ரையல்ஸ். கிடைத்தால் வேலை. அப்பா முதுநகரில் மீன் ஏற்றும் வேலை பார்க்கிறார். தொடைத் தசை எலும்பிலிருந்து பிய்ந்தும் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் மாத்யூ கச்சக் ஆடி கப் வாங்கினார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அவர் ஆடலாம், நான் ஆடக் கூடாதா?
- கல்லூரி மாணவர், கடலூர்

தம்பி, இந்த ட்ரையல்ஸில் இறங்காதே. உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கச்சக்கைப் பற்றி நான் எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன், அது என் தப்பு, இப்போது சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் அவருக்கு அடிபட்டது. அதிலிருந்து ஏப்ரல் 22 பிளேஆஃப் ஆட்டம் வரை இரண்டு மாதம் ஒரு மேட்சும் ஆடவில்லை. அந்த இரண்டு மாதமும் சம்பளம் வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் 2022-ல் அவர் போட்ட ஒப்பந்தம் 8 வருஷத்துக்கு 7.6 கோடி டாலர், ஆடும்போது அடிபட்டால் அங்கே சம்பளம் நிற்காது. அந்த லீகில் ஆகக் குறைந்த சம்பளக்காரருக்கே அப்போது வருஷத்துக்கு 7,75,000 டாலர், நம் பணத்தில் ஆறு கோடிக்கு மேல், அவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. கூடவே பிசியோ, ஸ்கேன், டாக்டர் எல்லாம் அணிச் செலவு. கச்சக் மறுபடி விழுந்திருந்தாலும் வீட்டில் எதுவும் நின்றுபோயிருக்காது. நீ விழுந்தால் அடுத்த ஆபரேஷனுக்கு யார் பணம் கட்டுவது? அப்பாவா?

கேப்ரியல் லாண்டஸ்காக் என்று ஒருவர், கொலராடோ அணியின் கேப்டன். 2022 ஜூனில் கோப்பையைத் தூக்கியவர், அப்புறம் முழங்கால் தாங்காமல் குருத்தெலும்பு மாற்று ஆபரேஷன் வரை போய், 1,032 நாள் கழித்து 2025 ஏப்ரல் 23 அன்று பிளேஆஃபில்தான் மறுபடி ஆடினார். அதற்கு முன்னால் கீழ்மட்ட லீகில் இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துக்கொண்டார். அவரும் எட்டு வருஷ ஒப்பந்தத்துக்குள் இருந்தவர்தான். கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஒரு மனிதர் காத்திருக்க முடிந்தது என்றால் அதற்கு மனஉறுதி பாதி, அந்தக் காகிதம் பாதி. உன்னிடம் அந்தக் காகிதம் இல்லை. அதனால்தான் நீ அவரைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி உன் முட்டி. ஏ.சி.எல். ஆபரேஷனில் உன் உடம்பிலிருந்தே ஒரு நாரை எடுத்துப் பழைய தசைநார் இருந்த இடத்தில் வைக்கிறார்கள். அந்த நாருக்குள் புதிதாக ரத்த ஓட்டம் வந்து, அது தசைநாராக மாற மாதக்கணக்கில் ஆகும், நடுவில் வைத்தபோது இருந்த பலம்கூடக் குறைந்துதான் பிறகு ஏறும். வலி மட்டும் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடும். நீ "வலி சுத்தமாக இல்லை" என்று எழுதியிருப்பதுதான் எனக்குப் பயம் தருகிறது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதன்படி, மைதானத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நீ ஆறாவது மாதத்தில் நிற்கிறாய்.

மாதக் கணக்கு மட்டும் போதாது. முன்தொடையின் பலம் நல்ல காலில் இருப்பதில் 90 சதவீதமாவது அடிபட்ட காலில் இருக்க வேண்டும், ஒற்றைக்காலில் தாண்டினால் தூரமும் அதே 90 சதவீதம் வர வேண்டும். இதைப் பிசியோ அளந்து எழுதித் தரட்டும். புதுச்சேரி ஜிப்மருக்குப் போனால் ஆபரேஷன் பண்ணாத டாக்டர் ஒருவரின் கருத்தும் கிடைக்கும், கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ்தான். மணல் ஓட்டத்தை இன்றைக்கே நிறுத்து. கால் புதைந்து ஒரு பக்கமாகத் திரும்புகிற தரையில் ஆறாத முட்டியோடு ஓடினால் பலம் ஏறாது, ஆபத்துதான் ஏறும். ஹாக்கியில் நீ குனிந்தே ஓடுகிறாய், முன்காலை மடக்கி நீட்டி டேக்கிளுக்குப் போகிறாய், ஓடுகிற வேகத்திலேயே திரும்புகிறாய், மூன்றுமே ஏ.சி.எல். மேல் விழுகிற வேலை. நேராக ஓட முடிகிறது என்பதை வைத்து எதையும் முடிவு பண்ணாதே.

சரி, ட்ரையல்ஸுக்கு என்ன பண்ணுவது? மைதானத்துக்குப் போ, ஸ்டிக்கை எடுக்காமல் போ. ஆபரேஷன் தேதி, பிசியோ அறிக்கை, அடிபடுவதற்கு முன் ஆடிய மேட்சுகளின் வீடியோ, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்து, அணிக் கோச்சைப் பார்த்து, இன்ன மாதத்தில் தயாராவேன், அப்போது என்னைப் பார்ப்பீர்களா என்று கேள். சிலர் திரும்பியே பார்க்க மாட்டார்கள். சிலர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்படிக் கூப்பிடப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

எனக்கு 22 வயதில் பின்தொடைத் தசை கிழிந்தது. ஒரு அணித் தேர்வுக்காக 16-வது நாளில் இறங்கினேன். முதல் பாதி பிரமாதமாகப் போனது, தேர்வாளர் ஒருவர் பெயரைக்கூடக் குறித்துக்கொண்டார், இரண்டாம் பாதியில் ஒரு பந்தைத் துரத்தும்போது அதே இடம் மறுபடி கிழிந்தது. அந்த வேகம் அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை. என்னைத் தடுக்க அன்றைக்கு ஒருவரும் இல்லை.

இன்னும் ஒன்று. முன்பு சொன்ன ஸ்டாம்கோஸ் 2013 நவம்பரில் கோல் கம்பத்தில் மோதிக் காலை உடைத்துக்கொண்டார். 2014 பிப்ரவரியில் சோச்சி ஒலிம்பிக், கனடா அணியில் இடம் தயார், ராப்பகலாக உழைத்தார். டாக்டர்கள் எலும்பு இன்னும் சேரவில்லை என்றார்கள், அவர் போகவில்லை, கனடா தங்கம் வாங்கியது. மார்ச் 6 அன்று ஆறிய காலோடு திரும்பினார். நம் சந்தீப் சிங் 2006-ல் ரயிலில் தவறுதலாகச் சுடப்பட்டுச் சக்கர நாற்காலி வரை போனவர், உலகக் கோப்பை கைவிட்டுப் போயிற்று, 2009-ல் இந்திய அணியின் கேப்டனாக வந்தார். உனக்கு 19 வயதுதான் ஆகிறது.

மகளுக்கு 15 வயது. உப்பளம் மைதானத்தில் பயிற்சி. மாநில அணித் தேர்வு வருகிறது. ராத்திரி கெண்டைக்கால் முன் எலும்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், காலையில் "ஒண்ணும் இல்லம்மா" என்று கிளம்பிவிடுகிறாள். கோச்சிடம் சொன்னால் அணியில் எடுக்க மாட்டார் என்று என்னையும் சொல்ல விடுவதில்லை. எண்ணெய்க் கட்டு போடலாமா?
- முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி

கட்டு வேண்டாம், சகோதரி. முதலில் ஒன்றைப் பாருங்கள்: எலும்பில் விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலிக்கிறதா, இல்லை நீளமாகப் பரவலாக வலிக்கிறதா? ஒரே புள்ளியில் வலித்து, ஓய்வெடுக்கும்போதும் ராத்திரியிலும் தொடர்ந்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு, அதனால் "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்பதோடு விட்டுவிடாதீர்கள். டாக்டர் பார்க்கிற வரை ஓட்டமும் குதிப்பதும் கூடாது.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் மகளிடம் கேளுங்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று. பயிற்சிக்குத் தகுந்த சாப்பாடு இல்லாத பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் எலும்பு பலம் குறைவதும் ஒன்றாகவே வரும். காலையில் டீயோடு கிரவுண்டுக்குப் போகிறாள் என்றால் அதை முதலில் மாற்றுங்கள், இரண்டு இட்லியும் முட்டையுமாவது உள்ளே போகட்டும்.

கோச்சிடம் அவசியம் சொல்லுங்கள். ஹாக்கியில் ஒரு மேட்ச் 15 நிமிடமாக நாலு பகுதி, ஆட்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் ஆறித் திரும்புகிற பிள்ளையை முதலில் ஐந்தைந்து நிமிடமாக இறக்கிப் பார்க்க நல்ல கோச்சுக்கு வழி இருக்கிறது. ஆனால் அது டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. ஓட முடியாத நாட்களிலும் அவள் மைதானத்துக்குப் போகலாம், உட்கார்ந்தபடியே ஸ்டிக்கில் பந்தைப் பழகலாம், இதையும் கோச்சிடமே கேளுங்கள். நீங்கள் தனியாகப் போய்ப் பேசினால் அம்மா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைப்பாள், அடுத்த தடவை வலியை உங்களிடமும் மறைப்பாள். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், முதல் வாக்கியத்தை அவளே சொல்லட்டும்.